கன்னம் மறுபடி மறுபடி வீங்கினால்: குழந்தைகளிடம் ஷோகிரன் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது முடிவதற்குள் மூன்று முறை பொன்னுக்கு வீங்கி வந்தது. வந்ததாக வீட்டில் எல்லாரும் நம்பினோம். முதல் முறை பாட்டி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டார். ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது, பெருமை சங்கிலிக்குப் போனது. இரண்டாம் முறையும் சங்கிலியே ஜெயித்தது. மூன்றாம் முறை வீக்கத்தோடு பல்வலியும் சேர்ந்துகொண்டதால் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாயைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பொன்னுக்கு வீங்கி ஒரு தடவைதானே வரும், மூணு தடவை எப்படிம்மா?"

அதுவரை நாங்கள் யாருமே அப்படி யோசிக்கவில்லை. பிறகு எட்டு மாத அலைச்சல். கடைசியில் ஷோகிரன் நோய் என்று தெரிந்தது. நான் மருத்துவன் இல்லை, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடிய மாமா. இதே அலைச்சலை இப்போது தொடங்கும் பெற்றோருக்காக, எந்தச் சோதனை எதற்கு, எதை எப்போது கேட்பது என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

முதலில், இது என்ன நோய்?

கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்கள் நம் உடலின் சுரப்பிகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் ஷோகிரன் நோய். தன்னெதிர்ப்பு நோய் என்று இந்த வகையைச் சொல்வார்கள். அடி வாங்குவது முக்கியமாக உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கண்ணீர்ச் சுரப்பிகளும். 1933-ல் இதை விரிவாக எழுதிய ஹென்ரிக் ஷோகிரன் ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர். அவர் பார்த்தது கண்ணும் வாயும் வறண்டு, மூட்டு வலியோடு வந்த பெண்களை. இன்றும் இந்த நோய் என்றால் நடுவயதுப் பெண், வறண்ட வாய் என்ற படம்தான் பலர் மனதில் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான். குழந்தைகளுக்கு வறட்சி பெரும்பாலும் முதலில் வருவதில்லை. காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் சுரப்பி வீங்கும், வற்றும், சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி வீங்கும். வறட்சி வர வருடங்கள் ஆகலாம். சுரப்பி இன்னும் முழுதாகக் கெடவில்லை என்பதால் எச்சில் ஊறிக்கொண்டுதான் இருக்கும். 'வாய் வறளவில்லையே, அப்படியென்றால் இது இல்லை' என்று யாராவது சொன்னால், அது பெரியவர்களின் கணக்கு என்று நினைவில் வையுங்கள்.

படி 1: வீக்கத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவமனைக்குப் போகும் நாளில் வீக்கம் இருக்காது, இது எழுதப்படாத விதி. அதனால் ஒவ்வொரு வீக்கத்தையும் பதிவு செய்யுங்கள்: தொடங்கிய தேதி, எந்தப் பக்கம், எத்தனை நாள், காய்ச்சல் இருந்ததா, வலி எவ்வளவு, சாப்பிடும்போது கூடியதா, என்ன மருந்து கொடுத்தீர்கள். நேராக முகத்தைப் பார்த்து ஒரு படம், பக்கவாட்டில் இரண்டு. ஒரே சுவர் முன்னால், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் ஒப்பிடுவது சுலபம்.

பரோட்டிட் வீங்கினால் காது மடலின் கீழ்நுனி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும், தாடை எலும்பின் மூலை தடவினால் தட்டுப்படாது. கழுத்தில் நெறி கட்டினால் அது தாடைக்குக் கீழே உருண்டையாக, தனியாக அகப்படும். இரண்டும் வேறு. சாப்பிட உட்காரும்போதெல்லாம் வீங்கி, ஒரு மணி நேரத்தில் வற்றினால் குழாயில் கல்லோ அடைப்போ இருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

படி 2: மற்றவற்றை ஒதுக்குவது

நம் ஊரில் கன்னம் வீங்கினால் முதலில் பொன்னுக்கு வீங்கி என்று நினைப்பதில் தப்பில்லை. இலங்கையில் கூகைக்கட்டு என்பார்கள். இந்தியாவில் அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் இந்த வைரஸ் இங்கே இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை வந்தவருக்கு அது மறுபடி வருவது மிக அரிது. பள்ளியில் வேறு யாருக்கும் இல்லாமல், உங்கள் குழந்தைக்கு மட்டும் இரண்டாம் முறை வீங்கினாலே கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடுத்து வருவது, சிறுவயதில் திரும்பத் திரும்ப வரும் சாதாரணப் பரோட்டிட் அழற்சி. ஷோகிரனோடு அதிகம் குழம்புவது இதுதான். பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள் தொடங்கும், ஆண் பிள்ளைகளிடம் சற்று அதிகம், பருவ வயதை ஒட்டித் தானாகவே நின்றுவிடும். ஷோகிரன் பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம், பத்து வயதை ஒட்டிக் கண்டுபிடிக்கப்படுகிறது. வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றாலும், எட்டு வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வீக்கத்தையும் பருவம் வந்த பிறகும் நிற்காத வீக்கத்தையும் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.

பாக்டீரியாத் தொற்று என்றால் தோல் சிவந்து, தொட முடியாத வலியும் காய்ச்சலும் இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உள்பக்கம் அந்தச் சுரப்பியின் குழாய் திறக்கும் சின்னப் புள்ளி இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தினால் அதன் வழியாகச் சீழ் வரும். காசநோய், சார்காய்டோசிஸ், ஐ.ஜி.ஜி.4 தொடர்பான நோய், சுரப்பிக் கட்டி, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையும் மருத்துவர் மனதில் ஓடும் பட்டியலில் இருக்கும். எச்.ஐ.வி. சோதனையும் எழுதுவார்கள். என் அக்கா அந்தச் சீட்டைப் பார்த்து ஒரு நாள் முழுக்க அழுதார். அதில் குடும்பத்தைப் பற்றிய சந்தேகம் எதுவும் இல்லை. எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் இதேபோலச் சுரப்பியை வீங்க வைக்கலாம் என்பதால் எல்லாருக்குமே கேட்கும் சோதனை அது.

படி 3: வீட்டில் கவனிக்க வேண்டியவை

எந்தக் குழந்தையும் 'எனக்கு வாய் வறள்கிறது' என்று சொல்லாது. அதற்கு அது பழகிப்போயிருக்கும். நாம்தான் நடவடிக்கையைப் பார்க்க வேண்டும். பிஸ்கட், பொரி, முறுக்கு மாதிரி உலர்ந்த பண்டங்களைத் தவிர்க்கிறதா? ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் கேட்கிறதா? இரவில் எழுந்து குடிக்கிறதா? முன்பு சாப்பிட்ட காரம் இப்போது நாக்கில் எரிகிறதா? ஈறை ஒட்டிய இடத்தில், ஒரே சமயத்தில் பல பற்களில் சொத்தை விழுகிறதா? எங்கள் பல் டாக்டரைச் சந்தேகப்பட வைத்தது கடைசிக் கேள்விதான்.

கண்ணைப் பொறுத்தவரை கசக்குவது, அடிக்கடி சிமிட்டுவது, மண் விழுந்த மாதிரி உறுத்துவது, வெளிச்சத்தில் கூசுவது. அடம்பிடித்து அழும்போது சத்தம் மட்டும் வந்து கண்ணீர் வராமல் இருப்பதைச் சில அம்மாக்கள் கவனித்துச் சொல்வார்கள். மிக நல்ல தகவல் அது, கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்புறம் சுரப்பிக்கு வெளியே: காரணமில்லாத சோர்வு, மூட்டு வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காலில் ஊதாப் புள்ளிகள், குளிரில் விரல் வெளுத்து நீலமாவது. சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, காலையில் எழுந்திருக்கும்போது கை கால் துவண்டு போவது அதன் ஒரு வெளிப்பாடு.

வறட்சிக்கு எளிய காரணங்களும் உண்டு. சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப்புகள் வாயை உலர்த்தும். மூக்கடைப்பாலோ அடினாய்டு வளர்ந்ததாலோ வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கும் வாய் காயும். அதிகத் தாகத்தோடு அதிகச் சிறுநீரும் போனால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

படி 4: யாரிடம் போவது

குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள். நோட்டைக் காட்டி, 'ரூமட்டாலஜி பார்க்க வேண்டுமா?' என்று நேராகக் கேளுங்கள். மூட்டு நோய்க்கான துறை என்று பெயர் இருந்தாலும் தன்னெதிர்ப்பு நோய்கள் எல்லாம் அங்கேதான் வரும். குழந்தைகளுக்கென்றே உள்ள ரூமட்டாலஜிஸ்ட்கள் குறைவு. கிடைக்காவிட்டால் பெரியவர்களைப் பார்க்கும் ரூமட்டாலஜிஸ்டும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து பார்க்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் இந்தத் துறை இருக்கிறது. கண் மருத்துவரும் பல் மருத்துவரும் இதில் துணைப் பாத்திரங்கள் இல்லை, பாதி ஆதாரம் அவர்கள் கையில் இருக்கிறது.

படி 5: இரத்தச் சோதனை

இங்கே சற்று நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் பயப்படுவதும் ஏமாறுவதும் இங்கேதான்.

முதலில் ஏ.என்.ஏ. என்பதை எடுப்பார்கள். தன் உடலுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) இருக்கின்றனவா என்று பொதுவாக வலைவீசிப் பார்க்கும் சோதனை. இது பாசிட்டிவ் என்றாலே நோய் என்று அர்த்தமில்லை. நன்றாக ஓடி ஆடும் குழந்தைகள் பலருக்கும் குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும். நெகட்டிவ் என்றாலும் கதை முடிந்துவிடாது. ஷோகிரனில் முக்கியமான ஆன்டி-ரோ ஆன்டிபாடி சில சமயம் ஏ.என்.ஏ. சோதனையின் கண்ணில் படாமல் தப்பிவிடும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ஆன்டி-ரோ, ஆன்டி-லா இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் இவை எஸ்.எஸ்.ஏ., எஸ்.எஸ்.பி. என்ற பெயரிலும் இருக்கும். ஆன்டி-ரோ லூபஸ் என்ற இன்னொரு தன்னெதிர்ப்பு நோயிலும் வரும், ஆகவே லூபஸுக்கான சோதனைகளும் கூடவே ஓடும். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டரும் ஷோகிரனில் அடிக்கடி பாசிட்டிவ் ஆகும். அதைப் பார்த்து 'முடக்குவாதம்' என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம்.

விலை குறைந்த சோதனைகளிலும் நல்ல துப்பு கிடைக்கும். கல்லீரல் சோதனை ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம், ஆல்புமின் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது குளோபுலின். அது டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் போனால் உடல் ஆன்டிபாடிகளை மிதமிஞ்சி உற்பத்தி செய்கிறதோ என்று கேட்கலாம். எங்கள் குழந்தைக்கு அது ஒன்றரை வருடம் முன்பு எடுத்த பழைய ரிப்போர்ட்டிலேயே கூடுதலாக இருந்தது, யாரும் கழித்துப் பார்க்கவில்லை. அதேபோல உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு சோதனைகளில் இ.எஸ்.ஆர். உயர்ந்தும் சி.ஆர்.பி. சாதாரணமாகவும் இருந்தால் அதற்கும் இந்தக் கூடுதல் ஆன்டிபாடிகள் காரணமாக இருக்கலாம். கிருமித் தொற்றில் பெரும்பாலும் இரண்டும் ஏறும்.

வெள்ளையணு எண்ணிக்கை, ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடியின் அளவு, சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள், பொட்டாசியம், பைகார்பனேட், சிறுநீர்ச் சோதனை ஆகியவையும் பட்டியலில் இருக்கும். அமைலேஸ் கூடியிருந்தால் கணையம் என்று பதற வேண்டாம், உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலும் அது ஏறும்.

படி 6: கண் சோதனை

ஷிர்மர் சோதனை என்பது ஒரு மெல்லிய காகிதப் பட்டையைக் கீழிமையின் ஓரத்தில் மடித்து வைத்து, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் கண்ணீர் போதவில்லை. பெரிய வலி இல்லை, உறுத்தும். ஆனால் குழந்தை பயந்து அழுதுவிட்டால் அந்தக் கண்ணீரில் பட்டை நனைந்து எல்லாம் நார்மல் என்று வந்துவிடும்! வீட்டிலேயே டிஷ்யூ காகிதத்தைக் கன்னத்தில் வைத்து விளையாட்டாகப் பழக்கிவிட்டுப் போங்கள். அழுதால் இன்னொரு நாள் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு சாயம் போட்டு, விளக்கில் கண்ணின் மேற்பரப்பைப் பார்ப்பார்கள். வறட்சியால் சேதமான இடங்கள் சாயம் ஏறித் தெரியும். காகிதப் பட்டைச் சோதனை முதலில், சாயமும் சொட்டு மருந்தும் பிறகு என்ற வரிசை முக்கியம்.

படி 7: எச்சில் அளவு

பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாப்பிடாமல், குடிக்காமல், பல் தேய்க்காமல் ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டு, வாயில் ஊறும் எச்சிலை ஒரு குப்பியில் 15 நிமிடம் துப்பிக்கொண்டே இருப்பது. நிமிடத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு, அதாவது 15 நிமிடத்தில் ஒன்றரை மில்லி. இந்த அளவு பெரியவர்களுக்கு வகுத்தது. குழந்தையிடம் இது நார்மலாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லக் கூடாது.

படி 8: அல்ட்ராசவுண்ட்

ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை, அதனால் குழந்தைக்கு முதலில் எடுக்க வேண்டிய படம் இதுதான். நோயுள்ள சுரப்பிக்குள் கருமையான சின்னச் சின்னப் புள்ளிகள் சல்லடை மாதிரி தெரியும். ஸ்கேன் எடுப்பவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: வீங்கிய பக்கத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு பரோட்டிட், தாடைக்குக் கீழுள்ள இரண்டு சுரப்பிகள் என நான்கையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சாதாரண பரோட்டிட் அழற்சியிலும் இதே கரும்புள்ளிகள் வரும். ஆனால் வீக்கமே இல்லாத தாடைச் சுரப்பியிலும் அவை இருந்தால் ஷோகிரன் பக்கம் தராசு சாயும். வீக்கம் வற்றிய பிறகு மறுபடி ஒருமுறை எடுப்பதும் பயன்படும். கட்டி மாதிரி ஏதாவது தனியாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள்.

படி 9: உதட்டு பயாப்ஸி

பெயரைக் கேட்டாலே பெற்றோருக்குக் கை நடுங்கும். உண்மையில் கீழ் உதட்டின் உள்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகைவிடச் சிறிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாலைந்தை எடுப்பது மட்டும்தான். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் குளிர்ந்த தயிர் சாதம், காரம் கூடாது. சிலருக்கு அந்த இடத்தில் கொஞ்ச நாள் மரத்த உணர்வு இருக்கும், அபூர்வமாக நீடிக்கும்.

நுண்ணோக்கியில் 50 அல்லது அதற்கு மேல் லிம்ஃபோசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) ஓரிடத்தில் கூடியிருந்தால் அது ஒரு கொத்து. 4 சதுர மில்லிமீட்டரில் ஒரு கொத்தாவது இருந்தால் பெரியவர்களுக்குப் பாசிட்டிவ். நல்ல நிலையிலுள்ள குழந்தையின் உதட்டில் இப்படிக் கொத்துகளே பெரும்பாலும் இருக்காது என்பதால், ஒன்றுக்குக் குறைவான எண்ணிக்கையையும் பல குழந்தை ரூமட்டாலஜிஸ்ட்கள் பொருட்படுத்துவார்கள். 'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லோடு ரிப்போர்ட் வந்தால், கொத்துகள் எத்தனை என்று கேளுங்கள்.

ஆன்டி-ரோ தெளிவாகப் பாசிட்டிவ், மற்ற அறிகுறிகளும் பொருந்துகின்றன என்றால் சில மருத்துவர்கள் பயாப்ஸியைத் தவிர்த்துவிடுவார்கள். அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பயாப்ஸி திட்டமிட்டிருக்கும்போது, அதற்கு முன் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். வீக்கம் பளிச்சென்று வற்றும், கூடவே ஆதாரமும் மங்கிவிடும். லிம்போமா போன்ற ஒன்று ஒளிந்திருந்தால் அதையும் மறைத்துவிடும்.

படி 10: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது

இணையத்தில் தேடினால் 2016-ல் அமெரிக்க, ஐரோப்பிய ரூமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புள்ளிக் கணக்கு கிடைக்கும். ஆன்டி-ரோ பாசிட்டிவுக்கு 3, பயாப்ஸிக்கு 3, கண் சாயம், ஷிர்மர், எச்சில் அளவு ஒவ்வொன்றுக்கும் 1. நான்கு சேர்ந்தால் ஷோகிரன். நாங்களும் ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், மூன்றுதான் வந்தது. மறுநாள் டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கணக்கு ஆய்வுகளில் நோயாளிகளை ஒரே மாதிரி தேர்ந்தெடுக்க, அதுவும் பெரியவர்களுக்காக உருவானது. குழந்தைகளின் முக்கிய அறிகுறியான பரோட்டிட் வீக்கத்துக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை. வீக்கம், ஆன்டிபாடி, குளோபுலின், அல்ட்ராசவுண்ட் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால், நான்கு வராவிட்டாலும் மருத்துவர் நோயை உறுதி செய்யலாம்.

சில சமயம் 'இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்' என்பார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் மெதுவாக வெளிப்படும் நோயில் அது நேர்மையான பதில். அடுத்த முறை எந்தச் சோதனையை மறுபடி எடுப்பது, இடையில் என்ன நடந்தால் முன்பே வர வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதமும் பல் மருத்துவரிடம் ஃப்ளோரைடு பூச்சு, சொத்தை அடைப்பு வேலைகள் நடக்கட்டும், அவை எந்த நோய் என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டியவை அல்ல.

காத்திருக்கக் கூடாதவை

திடீரென்று கை கால் தூக்க முடியாமல் போனாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் வந்தாலோ, அதிகக் காய்ச்சலோடு கன்னம் சிவந்து வாயே திறக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனை. சுரப்பி கல் மாதிரி இறுகி வற்றாமலே இருப்பது, ஒரு பக்க முகம் கோணுவது, எடை குறைவது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது ஆகியவற்றுக்குக் கட்டியைத் தேடிச் சோதிக்க வேண்டும். குழந்தைகளிடம் லிம்போமா அரிது, இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும்.

ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை

லேப் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். அல்ட்ராசவுண்ட் படங்கள் அச்சாகும் வழவழத் தாள் சில வருடங்களில் மங்கிவிடும், நாங்கள் அப்படி இரண்டை இழந்தோம். பெண் குழந்தை என்றால் ஆன்டி-ரோ ரிப்போர்ட்டை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். இந்த ஆன்டிபாடி உள்ள தாயின் கருவிலிருக்கும் குழந்தைக்குச் சில நேரம் இதயத் துடிப்பு குறையும் பிரச்சினை வரலாம், நூறில் ஒன்றிரண்டு பேருக்கு. அவள் வளர்ந்து, என்றோ ஒருநாள் கர்ப்பமாகும்போது, முதல் மாதமே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டிய காகிதம் அது.